பூ கட்டிய ட்ரோன்

சாரம், புதுச்சேரி
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

குழலி எழுதுவது. அப்பாவும் நானும் போன மாதம் எப்படி இருந்தோமோ அப்படியே இருக்கிறோம். அதுவே நல்ல சேதிதான். உனக்கும் அண்ணிக்கும் ஏனாம் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

போனில் பேசினால் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் தபால் போய்ச் சேருவதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நீதான் சொன்னாய். சரி, எழுதுகிறேன். கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

பக்கவாதம் வந்த அப்பாவின் வலது கை இன்னும் தூக்க வரவில்லை. பேச்சு வருகிறது. ஆனால் நினைவு முன்னே பின்னே போகிறது. விளக்கு போட்டதும் "எழில் வந்துட்டானா?" என்று கேட்பார். நீ ஏனாமில் இருப்பதைச் சொன்னால் அழுகிறார். அதனால் "வண்டி ஏறிட்டான்பா, வந்துக்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டபிறகு சாப்பிடுகிறார். பகலில் எதிர்வீட்டுத் தையல்நாயகி அக்கா பார்த்துக்கொள்கிறார்.

எனக்குப் புது வேலை. எங்கள் பயிற்சி நிலையத்தில் இதுவரை கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கும் வயலில் மருந்து அடிக்கிறவர்களுக்கும்தான் ட்ரோன் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது உங்கள் துறை அதிகாரிகளுக்கு. தூர்ந்துபோன வாய்க்கால்களையும் வரிக் கணக்கில் வராத மாடிகளையும் மேலிருந்து படம் பிடிக்க ஒரு ட்ரோன் வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய பிறகுதான் ஓட்ட ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்திருக்கிறது. முதலியார்பேட்டை அலுவலக மாடியில் வகுப்பு.

முதல் நாள் வரைபடத்தைப் போட்டுக் காட்டினேன். பச்சை என்றால் தாராளமாகப் பறக்கவிடலாம். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு அறையில் அனுமதி வாங்க வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசைக் கேட்காமல் நினைக்கவே கூடாது. லாசுப்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் நம் ஊர் மஞ்சளுக்குள் வருகிறது. ஒருவர் எழுந்து, "நாங்களே கவர்மென்ட்டும்மா. எங்களுக்கு எதுக்குப் பர்மிசன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பதில் சொல்வதற்குள் டீ வந்துவிட்டது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
குழலி


ஏனாம்
21 ஜூன் 2025

அன்புத் தங்கை கார்குழலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு சுமார். வெயிலைப் பற்றி எழுதினால் காகிதம் வியர்த்துவிடும். மாலா தெலுங்கில் பால் வாங்கவும் பால்காரரோடு சண்டை போடவும் கற்றுக்கொண்டாள். எனக்கு இன்னும் வாங்க மட்டும்தான் தெரியும்.

அப்பாவைப் பற்றிப் படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் ஆந்திராவுக்கு நடுவில் கிடக்கும் இந்தப் புதுச்சேரித் துண்டுக்கு அனுப்பினார்கள். இது நாலாவது வருஷம். ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன்.

உன் வகுப்பில் ஹரிகிருஷ்ணன் சார் இருப்பார். தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டவர். மாற்றல் கோப்புகள் அவர் வழியாகத்தான் மேலே போகும். நல்ல மனிதர். என் வணக்கத்தைச் சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

அப்பாவின் காலில் எண்ணெய் தேய்த்துவிடு.

அண்ணன்,
எழிலரசன்


சாரம்
13 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி பிடித்து ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டது. இப்போது பரவாயில்லை. அப்பாவுக்கு ஒட்டவில்லை, நல்லவேளை. நீங்கள் இருவரும் எப்படி?

பறக்கவிட்டுப் பழக ஊருக்குள் இடமில்லாததால் அதிகாரிகளை வேனில் ஏற்றிக்கொண்டு பாகூர்ப் பக்கம் வயல்வெளிக்குப் போனேன். அங்கே பச்சை. ஏதோ சுற்றுலா வந்தமாதிரி முறுக்குப் பொட்டலம், தொப்பி எல்லாம் கொண்டுவந்தார்கள். பறக்கவிடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள், இறக்கையில் நூலோ தூசியோ இருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். சாமியைச் சுற்றுகிற மாதிரி சுற்றிவிட்டு, நேராக செல்ஃபிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் வகுப்பில், அனுமதி வாங்கி எடுத்த ஒரு பழைய படத்தைத் திரையில் போட்டு, கட்டட அனுமதி இல்லாத மாடிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒருவர் உற்சாகமாக எழுந்து வந்து ஒரு மாடியைச் சுட்டிக்காட்டினார். பின்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அது அவர் வீடாம். அன்றைக்கு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

உன் வணக்கத்தைச் சொன்னேன். நீ சொன்னது சரி, ஹரிகிருஷ்ணன் சார் நல்லவர்தான். முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார், ஆனால் குறட்டை விடமாட்டார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். நெல்லித்தோப்பில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார் என்று அவரே போன் செய்து பேசி நேரம் வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று கேட்கட்டுமா? ஒரு மாதத்துக்கு அப்பாவை அங்கே அழைத்துப்போக முடியுமா? எனக்கு முடியவில்லை என்று சொல்லவில்லை. சும்மா கேட்கிறேன்.

குழலி


ஏனாம்
25 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

சளி விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடி. எங்களுக்குக் குறையொன்றும் இல்லை, ஊரைத் தவிர.

அப்பாவை இங்கே அழைத்துவருவதில் ஆயிரம் சிக்கல். பெரிய ஆஸ்பத்திரி என்றால் காக்கிநாடா போக வேண்டும். பாஷை தெரியாது. ரயிலில் ஒரு ராத்திரி எப்படி வருவார்? எப்படியும் மாற்றல் வந்துவிடும், கொஞ்சம் பொறு.

ஹரிகிருஷ்ணன் சார் செய்த உதவியைப் படித்து மாலா கண்கலங்கினாள். அவருக்கு வயதாகிறது. தேர்வு கீர்வு என்று ரொம்பப் படுத்தாதே.

அண்ணன்


சாரம்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். போன வாரம் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. நான் தூக்கியபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. தையல்நாயகி அக்கா இருவருக்கும் ஒத்தடம் கொடுக்கிறார். உங்கள் உடம்பையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடியப்போகிறது. நிறைவு விழாவையும் ஆபீஸ் ஆயுத பூஜையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளப்போகிறார்கள். பந்தல் ஒரு தடவை போட்டால் போதுமே. சிறப்பு விருந்தினர் வந்து இறங்கியதும் ட்ரோனிலிருந்து பூ தூவ வேண்டுமாம். ஹரிகிருஷ்ணன் சார் என்னிடம் சொன்னார். இது மஞ்சள், ஆள் கூட்டத்துக்கு மேலே பறக்கவிடவும் கூடாது, மேலிருந்து ஒன்றைப் போடுவதென்றால் அதற்குத் தனி அனுமதி, இப்போதே எழுதிக் கேளுங்கள் என்றேன். "பண்ணிடலாம்மா, பண்ணிடலாம்" என்றார். மூன்று மாதமாக நான் நடத்திய பாடத்தைத்தான் அவருக்குத் திரும்பச் சொன்னேன். முதல் தடவை கேட்கிறவர் மாதிரியே கேட்டுக்கொண்டார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

குழலி


ஏனாம்
8 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

இடுப்புக்குச் சூடான உப்பு ஒத்தடம் நல்லது. அப்பாவைத் தனியாகக் குளியலறைக்கு அனுப்பாதே. இங்கே கோதாவரியில் வெள்ளம், தெருவரைக்கும் தண்ணீர் வந்து வடிந்தது. மாலாவுக்குக் காலில் சேற்றுப்புண்.

பூ தூவுவது பற்றிக் கேட்டிருந்தாய். அது உன் தொழில், நீதான் முடிவு செய்ய வேண்டும். நான் என்ன சொல்வது?

என் கோப்பு போன வாரம் ஹரிகிருஷ்ணன் சார் மேசைக்கு வந்துவிட்டதாக அங்கிருந்து சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

அண்ணன்


சாரம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அப்பாவும் அப்படியே. அண்ணியின் கால் ஆறியதா?

விழா முடிந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. துணி எதுவும் காயவில்லை. அப்பா நேற்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

வேறு விசேஷம் இல்லை.

குழலி


ஏனாம்
14 அக்டோபர் 2025

என் அன்புத் தங்கைக்கு,

இன்றைக்கு நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். என் மாற்றல் கோப்பில் ஹரிகிருஷ்ணன் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆணை டைப் ஆகிறதாம். தீபாவளிக்கு வர முடியாது, கார்த்திகைக்குள் வந்துவிடுவோம். மாலா கட்டிலையும் கிரைண்டரையும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். தரையில்தான் படுக்கிறோம். அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது.

நீ அங்கே என்ன செய்தாய், எப்படிச் செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். எங்களுக்காகப் பட்ட கஷ்டத்தை மறக்கவும் மாட்டேன். இனிமேல் அப்பாவிடம் நீ பொய் சொல்ல வேண்டியதில்லை. நிஜமாகவே வண்டி ஏறிட்டான் என்று சொல்லலாம்.

உன் அண்ணன்,
எழில்


ஏனாம்
6 நவம்பர் 2025

கார்குழலிக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது. விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பிய எங்கள் ஆபீஸ் கலைவாணன் எல்லாம் சொன்னான். விழாவில் ட்ரோன் விழுந்ததும், விசாரணையில் ஹரிகிருஷ்ணன் சாருக்கு எதிராக நீ எழுதிக் கொடுத்ததும், அவரை வேறு பிரிவுக்குத் தூக்கியதும், அவர் கையெழுத்துப் போட்ட மாற்றல்களையெல்லாம் நிறுத்தி வைத்ததும்.

ஒரு மாதமாக ஒரு வார்த்தை எழுதவில்லை நீ. துணி காயவில்லை என்று எழுதத் தெரிந்தது. யாரோ பெருக்குகிற அம்மா கட்டிய பூ சிக்கித்தான் விழுந்தது என்கிறார்கள். அதை அப்படியே எழுதியிருந்தால் உனக்கு என்ன போயிற்று? உண்மைதானே அது?

கட்டிலைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

எழிலரசன்


சாரம்
12 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ விசாரிக்கவில்லை என்றாலும் சொல்கிறேன், அப்பா நன்றாக இருக்கிறார். அண்ணிக்குத் தரையில் படுத்துக் குளிர் ஏறாமல் இருக்க வேண்டும்.

எழுதாதது தப்பு. பலமுறை உட்கார்ந்தேன். உன் சந்தோஷக் கடிதம் வந்தபிறகு பேனா நகரவில்லை. இப்போது எழுதுவதை முழுசாகப் படி.

அன்று காலையில் ஆபீசில் இருந்த ஜீப், கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ட்ரோனுக்கும் வைத்தார்கள். ஆபீசைப் பெருக்குகிற ஆயம்மா, தினக்கூலிக்கு வருகிறவர், தன் கையால் கட்டிய மல்லிகைச் சரத்தை, இறக்கை மாட்டியிருக்கும் அதன் கையில் சுற்றிக் கட்டியிருந்தார். நான் சந்தனத்தைத் துடைத்து, பூவை அவிழ்த்து மேசையில் வைத்தேன். அனுமதிக் கடிதம் எங்கே என்று ஹரிகிருஷ்ணன் சாரைக் கேட்டேன். "போன்ல சொல்லிட்டேன்மா" என்றார். போனில் சொல்கிற அனுமதி என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அந்தக் கேள்விக்குத் தேர்வில் சரியாகத்தான் பதில் எழுதியிருந்தார்.

நான் அவரோடு பேசிவிட்டு வருவதற்குள் ஆயம்மா மறுபடியும் பூவைக் கட்டிவிட்டார். "பூ தூவுற மிசினு. அதுக்கே பூ இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். சிரித்த முகம். அவிழ்த்தால் அந்த முகம் வாடிவிடும். அதற்குள் விருந்தினர் கார் உள்ளே வந்துவிட்டது, ஏற்றச் சொல்லி சார் கையைத் தூக்கிவிட்டார். சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அண்ணா, நான் அந்தப் பூவைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

பூ அழகாகத்தான் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு சரம் நழுவி இறக்கையில் சுற்றிக்கொண்டது. பந்தல் கால் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஆயம்மாவின் தோளில் ட்ரோன் வந்து விழுந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தலை. ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு, மிசின் உடைந்துவிட்டதா என்று அவர் கேட்டார்.

விசாரணை என்று வந்ததும் ஹரிகிருஷ்ணன் சார் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போதுதான் சொன்னார். "பூ கட்டுனது அந்தம்மாதானேம்மா? அதை மட்டும் எழுதுங்க. பர்மிசன் பத்தி இழுக்க வேணாம். உங்க அண்ணன் ஆர்டரும் டைப் ஆயிட்டிருக்கு." மிரட்டவில்லை. பாவம், கெஞ்சினார்.

அதை மட்டும் எழுதினால் ஆயம்மாவின் வேலை போய்விடும். எலும்பு உடைந்தவர் மேலேயே பழியும் விழும். அனுமதி இல்லை, இல்லை என்று தெரிந்தே பறக்கவிட்டேன், பூ இருந்ததைப் பார்த்தேன், அவிழ்க்காதது என் தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்கு எதிராக எழுத வேண்டும் என்று எழுதவில்லை. உள்ளதை எழுதினால் அவரும் அதில் வந்துவிடுகிறார். என் ட்ரோன் ஓட்டுநர் சான்றிதழை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வகுப்பும் இல்லை. எங்கள் நிலையத்தில் டெலிபோன் எடுக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

உனக்காகத்தான் ஏற்றினேன் என்று சொல்லமாட்டேன். நீ வந்துவிட்டால் நானும் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் ஏற்றினேன். களைப்பு அண்ணா. வேறொன்றும் இல்லை.

உன் கோபம் நியாயம்தான். ஆறும்போது எழுது.

குழலி


ஏனாம்
19 ஜனவரி 2026

அன்புத் தங்கை குழலிக்கு,

நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. பொங்கலுக்குக்கூட ஒரு வரி எழுதவில்லை. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை.

நீ எழுதியதைப் பலதடவை படித்தேன். பொய் சொல்லவில்லை, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் பூ என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றாகச் சாப்பிட்டும் இருப்பேன். அந்த நினைப்புத்தான் தூங்கவிடவில்லை. நீ கேட்டபோது செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. கோப்பு மேசைக்கு வந்துவிட்டது என்று மட்டும் எழுதினேன். அது என்ன கடிதம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

பொங்கலன்று மறுபடியும் மாற்றல் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். மாலா பார்த்துக்கொண்டே இருந்தவள், "உங்களுக்கு ஆர்டர் வரணும், சரி. மாமாவுக்கு யாரு ஆர்டர் போடணும்?" என்று கேட்டாள். மனுவை மடித்து வைத்துவிட்டேன். நாலு வருஷமாக அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தாள்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு ராத்திரி ரயில்தான் இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம் வருகிறேன். அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன். ஒரு மாதத்துக்கு இல்லை. புதுக் கட்டில் வாங்கிவிட்டோம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாயிற்று. காக்கிநாடா டாக்டரிடமும் பேசிவிட்டேன்.

ஆயம்மாவுக்குத் தோள் சேர்ந்ததா? வரும்போது அவரைப் பார்க்க வேண்டும். என்னை யாரென்று சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உன் அண்ணன்,
எழில்


சாரம்
28 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் அப்பாவும் சுகம் என்று இந்தத் தடவை தைரியமாக எழுதலாம் போலிருக்கிறது. அண்ணிக்கு என் அன்பு. அந்தக் கேள்வியை அவர் முதல் வருஷமே கேட்டிருக்கலாம். நானும்தான் கேட்டேன், ஆனால் சும்மா கேட்கிறேன் என்று போட்டுக் கேட்டேன்.

ஆயம்மா வேலைக்குத் திரும்பிவிட்டார். இடது கையால் பெருக்குகிறார். நேற்று போய்ப் பார்த்தேன். ட்ரோன் பெட்டிக்குள் இருக்கிறதாம், தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்றார். உன்னை என் அண்ணன் என்று சொன்னால் போதும். வேறு விவரம் அவர் கேட்கமாட்டார். எனக்கு ஏப்ரலில் சான்றிதழ் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். மறுபடியும் ஒரு அதிகாரி எழுந்து எங்களுக்கு எதுக்குப் பர்மிசன் என்று கேட்பார். இந்தத் தடவை டீ வந்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் குடிப்பேன்.

அப்பாவின் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். மாத்திரையைப் பொடித்துத் தயிரில் கலந்து கொடுக்கச் சொல் அண்ணியிடம். வலது பக்கம் உட்கார்ந்து ஊட்டினால் கோபம் வரும், இடது பக்கம் உட்கார். வீட்டில் வேலை குறைந்துவிடும் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் என்று தெரியவில்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். விளக்கு போட்டதும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே "எழில் வந்துட்டானா?" என்று கேட்பார். வருத்தப்படாதே. "வந்துட்டேன்பா" என்று சொல். கொஞ்ச நாள் போனால் "குழலி வந்துட்டாளா?" என்று கேட்க ஆரம்பிப்பார். அப்போது, வண்டி ஏறிட்டா, வந்துக்கிட்டிருக்கா என்று சொல். சாப்பிட்டுவிடுவார்.

உன் தங்கை,
குழலி